வீட்டுத் தோட்டமும் முதலாண்டு இழப்பும்

வீட்டுக் காய்கறித் தோட்டம் பற்றிய கையேடுகளில் ஒரு வரைபடம் தவறாமல் இடம் பெறுவதை அவையோர் கண்டிருக்கக் கூடும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஐந்து சென்ட் நிலம், அதாவது ஏறத்தாழ 200 சதுர மீட்டர்; நடுவே நடைபாதை; மற்றப் பயிர்கள் மீது நிழல் விழாதபடி வடக்கு ஓரத்தில் முருங்கை, பப்பாளி, வாழை; மூலையில் எருக்குழி; வேலியில் கொடிகள்; எஞ்சிய இடமெல்லாம் பாத்திகள். எந்தப் பாத்தியில் எந்த மாதத்தில் எந்தக் காய் என்ற அட்டவணையும் உடன் இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் பரிந்துரைக்கும் அளவும் இதுவே. வரைபடத்தில் பிழை ஏதும் இல்லை. அதை வரைந்தவருக்குத் தெரிந்தவையெல்லாம் அதைக் கையில் வாங்குபவருக்கும் தெரியும் என்று அது எடுத்துக் கொள்கிறது என்பதே குறை.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவரின் உணவில் 400 கிராம் காய்கறியும் கீரையும் இருத்தல் வேண்டும். ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 2 கிலோ; ஆண்டுக்கு 730 கிலோ. குழந்தைகள் இருந்தால் சற்றுக் குறையும். நடைபாதை, எருக்குழி, மரங்கள் போக 150 சதுர மீட்டர் பாத்திகளாக எஞ்சுவதாகக் கொள்வோம். நாட்டில் காய்கறிகளின் சராசரி விளைச்சல் எக்டேருக்குச் சுமார் 18 டன். அதாவது ஒரு போகத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.8 கிலோ. இந்த வீதத்தில் 150 சதுர மீட்டரில் ஒரு போகத்துக்குக் கிடைப்பது 270 கிலோ. எனவே வரைபடம் வாக்களிக்கும் தன்னிறைவை எட்ட வேண்டுமானால், எல்லாப் பாத்திகளிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று போகம், ஒவ்வொரு போகமும் தொழில்முறை விவசாயியின் சராசரிக்குக் குறையாமல் விளைய வேண்டும். மண்வெட்டியை முதன்முறையாகப் பிடிக்கும் குமாஸ்தாவோ ஆசிரியரோ முதலாண்டில் இதை எட்டுவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. எட்டாதபோது அவர் குறை காண்பது கையேட்டில் அன்று. தமக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டிப் பாத்திகளைப் புல்லுக்கு விட்டு விடுகிறார்.

பழகப் பழகத் திறன் கூடும் என்பதைப் பொருளாதார நூலோர் நெடுநாளாக அறிவர். விமானத்தின் உடற்கூட்டைக் கட்டுவதற்கான உழைப்பு நேரம், கட்டப்பட்ட விமானங்களின் எண்ணிக்கை கூடக்கூடச் சீராகக் குறைவதை 1936ஆம் ஆண்டிலேயே டி. பி. ரைட் என்ற பொறியாளர் எடுத்துக் காட்டினார். கென்னத் ஆரோ 1962ஆம் ஆண்டில் எழுதிய புகழ் பெற்ற கட்டுரையில் இதனைப் பொதுக் கோட்பாடாக விரித்தார். ஆயினும் விமானத் தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தொழிற்சாலையில் ஒன்று முடிந்தவுடன் அடுத்தது தொடங்கும். தோட்டத்தில் காலிபிளவருக்கு ஆண்டுக்கு ஒரு பருவமே வாய்க்கிறது. பத்தாண்டு அனுபவம் என்று சொல்வது உண்மையில் பத்தே பத்து முயற்சிகள்தான். அவற்றில் நான்கு வீணானால் எஞ்சுவது ஆறு. வீட்டுத் தோட்டக் கல்வியின் பெரிய இடர்ப்பாடு இந்தக் காலச்செலவே; விதைக்கும் எருவுக்கும் ஆகும் செலவு அதன் முன் அற்பம்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, தென்னாட்டிலிருந்து டில்லிக்கு மாற்றலாகி வரும் அரசு ஊழியர் குடும்பம். தரைத்தள வீடு ஒதுக்கப்பட்டால் முன்னும் பின்னும் சிறிது நிலம் கிடைக்கும். ஊரில் வெண்டை, கத்தரி, அவரை போட்டுப் பழகிய கை சும்மா இராது. ஊரில் புரட்டாசி, ஐப்பசி மழையில் எதை ஊன்றினாலும் முளைக்கும் என்ற நினைவில், வந்த சூட்டோடு அக்டோபர் மாதத்தில் வெண்டையை ஊன்றுகிறார்கள். முளைக்கவும் செய்கிறது. நவம்பர் நடுவில் வளர்ச்சி நின்று விடுகிறது. டிசம்பரில் இலை சுருங்கிச் செடி குன்றுகிறது. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 4, 5 டிகிரி செல்சியசுக்கு இறங்கும்போது எஞ்சியதும் மடிகிறது. பூச்சி என்று எண்ணி மருந்து தெளிப்பவர்களும் உண்டு. மண் 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் வெண்டை விதை சரிவர முளைப்பதே இல்லை. கங்கைச் சமவெளியில் அதற்குரிய பருவங்கள் இரண்டு: பிப்ரவரி இறுதியும் மார்ச்சும் ஒன்று, ஜூன், ஜூலை மற்றொன்று. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊர் வழக்கு, இவ்விரண்டில் பின்னதற்கு ஓரளவு பொருந்துகிறது. மற்றதற்கு உள்ளூர்ப் பஞ்சாங்கந்தான் வேண்டும்.

அதே நேரத்தில், ஊரில் கனவிலும் விளையாதவை இங்கே எளிதாக விளைகின்றன. பாலக்கீரை, வெந்தயக்கீரை, முள்ளங்கி, நூல்கோல், பட்டாணி ஆகியவற்றை அக்டோபரில் தூவினால் குளிர்காலம் முழுவதும் பறிக்கலாம். தென்னாட்டுக் குடும்பம் இவற்றைக் கண்டுகொள்வது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில். அதுவும் பக்கத்து வீட்டுப் பாத்தியை எட்டிப் பார்த்த பிறகு.

காலிபிளவர் இதனினும் நுட்பமான பாடம் கற்பிக்கிறது. வட இந்தியாவில் முற்காலம், இடைக்காலம், பிற்காலம் என்று பருவத்துக்கு ஏற்ற இரகங்கள் வேறு வேறாக உள்ளன. முற்கால இரகமான பூசா தீபாளி வெதுவெதுப்பான நாட்களிலேயே பூங்கட்டி வைக்கும். பிற்கால இரகமான பூசா ஸ்னோபால் நல்ல குளிர் வந்தால்தான் பூங்கட்டி வைக்கும். முற்கால இரகத்தைக் காலந்தாழ்த்தி விதைத்தால், செடி வளரும் முன்பே குளிர் தாக்கி, சட்டைப் பித்தான் அளவில் பூ வைத்து நின்று விடும். பிற்கால இரகத்தை முன்னதாகவே விதைத்தால் குளிர் வரும்வரை இலையாகவே வளர்ந்து கொண்டிருக்கும். கடையில் சில்லறையாக மடித்துக் கொடுக்கும் விதையில் இரகத்தின் பெயர் இருப்பதில்லை. இதற்கு மேல் ஒரு சிக்கலும் உண்டு. முற்றிய நாற்றை நட்டாலும் பித்தான் பூ வரும். தழைச்சத்துக் குறைந்தாலும் வரும். ஒரே அடையாளத்துக்கு மூன்று காரணங்கள். பித்தான் பூவைக் கண்டவர் அடுத்த ஆண்டு எருவை இரட்டிப்பாக்குகிறார், இரகம் மாறவில்லை, மீண்டும் பித்தான் பூவே கிடைக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழிந்தன, கற்றது ஒன்றுமில்லை.

தவறிக் கற்றல் என்ற சொல்லைப் பலரும் எளிதாக வழங்குகின்றனர். தவறு தானாகவே கற்பித்து விடாது. எந்தக் காரணத்தால் தவறியது என்று பிரித்துக் காண இயன்றால் மட்டுமே அது பாடமாகும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. அரைப் பாத்தியில் தெரிந்த இரகத்தையும், அரைப் பாத்தியில் புதியதையும் ஒரே நாளில், ஒரே எருவில் நட்டுப் பார்த்தல் போதுமானது. ஒரு பொட்டலம் விதையை ஒரே நாளில் தூவாமல், இரு வார இடைவெளியில் மூன்று தவணையாகத் தூவினால், ஒரு பருவத்துக்குள்ளேயே மூன்று முயற்சிகள் கிடைக்கின்றன. பத்தாண்டுக் கல்வி மூன்று, நான்கு ஆண்டுகளில் முடிவதற்கு இதுவே வழி. முள்ளங்கியும் கீரைகளும் ஒரு மாதத்தில், அல்லது சில நாட்கள் கூடுதலாகப் பறிப்புக்கு வருபவை. புதியவர் அவற்றில் தொடங்கினால் ஒரே குளிர்காலத்தில் பலமுறை தவறவும் திருத்தவும் இயலும். தக்காளியில் தொடங்குபவரோ மூன்று, நான்கு மாதம் காத்திருந்து ஒரே ஒரு விடையைப் பெறுகிறார். எனினும் பெரும்பாலோர் தக்காளியில்தான் தொடங்குகின்றனர். அதன் விலைதான் செய்தித்தாளில் வருகிறது.

பிழை என்று தோன்றுவனவற்றுள் சில பிழையே அல்ல. சுரை, பூசணி, பாகல் ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே வருகின்றன; ஆண் பூக்கள் முந்திக் கொள்கின்றன. முதல் இரு வாரங்களில் பூவெல்லாம் உதிர்வதைக் கண்டு கலங்கி, கொடியைப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. பெண் பூவின் அடியில் பிஞ்சு தென்படும். அது மஞ்சளித்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். மாடிகள் சூழ்ந்த குடியிருப்பில் தேனீ வருவது குறைவு. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைத்தால் காய் பிடிக்கும். அதிலும் நேரம் உண்டு: பூசணி விடியலில் மலர்வது, சுரை மாலையில் மலர்வது. காலை நடைக்குப் பின் சுரைக் கொடியருகே செல்பவர், மாலையில் மலர்ந்து இரவோடு வாடிய பூக்களையே காண்பார்.

நீர் பற்றியும் மண் பற்றியும் மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. அவை எங்கும் ஒன்றே. அன்பின் மிகுதியால் இருவேளையும் நீரூற்றப்பட்டு நாற்றங்காலில் அழுகிய நாற்றுகள், நீரின்றி வாடியவற்றினும் பலவாகவே இருக்கும். மக்காத சாணத்தை இட்டால் கரையானும் வெண்புழுவும் வரும். நகரக் குடியிருப்புகளுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு: வீடு கட்டியபோது புதைத்த செங்கல் துண்டும் சுண்ணாம்பும். ஓரடி தோண்டியதும் மண்வெட்டி நறுக்கென்று நிற்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்தைச் செடி ஈர்க்க இயலாது; இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மஞ்சளிக்கும். இதற்கு யூரியா தூவுவது பணத்தை வீணாக்குவதாகும்.

தவறுவது அறியாதவர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். வெண்டையைப் பாழாக்கும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வெள்ளை ஈயால் பரவுவது. இதனைத் தாங்கும் இரகமாக டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பூசா சவானி நாடெங்கும் பரவியது. நாளடைவில் அதன் தாங்கும் தன்மை போயிற்று. விஞ்ஞானிகள் காட்டு வெண்டை இனங்களை நாடி மீண்டும் தொடங்கினர்; பர்பணி கிராந்தி, பெங்களூர்த் தோட்டக்கலை நிலையத்தின் அர்க்கா அனாமிகா முதலியவை வந்தன. பெயர் பெற்ற பழைய இரகத்தையே கேட்டு வாங்கும் வீட்டுத் தோட்டக்காரர் இந்த வரலாற்றை அறிந்திருந்தால் ஒரு பருவம் மிச்சமாகும்.

அண்டை வீட்டாரின் அனுபவம் எத்துணை மதிப்புடையது என்பதற்கு இந்திய வேளாண்மையிலிருந்தே சான்று உள்ளது. ஆண்ட்ரூ ஃபாஸ்டர், மார்க் ரோசன்சுவைக் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள், பசுமைப் புரட்சியின் தொடக்க ஆண்டுகளில் நம் கிராமக் குடும்பங்களிடம் திரட்டப்பட்ட புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 1995ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வீரிய விதையைக் கையாளும் முறை சரிவரத் தெரியாமையே அது பரவுவதற்குப் பெரும் தடையாக இருந்தது. சொந்த அனுபவமும் அண்டை அயலாரின் அனுபவமும் கூடியபோது தடை தளர்ந்து ஆதாயம் பெருகியது. முதலில் முயல்பவரின் தவறுகளால் ஊர் முழுவதும் பயன் பெறுகிறது. அப்பயனைத் தம் கணக்கில் அவர் சேர்ப்பதில்லை. ஆகவே, ஒவ்வொருவரும் மற்றவர் முந்தட்டும் என்று காத்திருக்க, சமுதாயத்துக்குத் தேவையான அளவினும் குறைவாகவே சோதனைகள் நிகழ்கின்றன. முன்னோடிகளுக்கு அரசு ஏன் உதவ வேண்டும் என்று வினவும் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைத்தல் அரிது.

நம் நாட்டில் இத்தகைய இயக்கங்கள் புதியன அல்ல. வங்காளப் பஞ்சம் நேர்ந்த 1943ஆம் ஆண்டை ஒட்டி ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கம் தொடங்கியது. விடுதலைக்குப் பின் அதனை ஆராய்ந்த வி. டி. கிருஷ்ணமாச்சாரி குழு 1952ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, விதை, உரம் என்று தனித்தனியே வழங்குவதால் நிலையான பலன் விளையாது, குடியானவரை அணுகித் தொடர்ந்து துணை நிற்கும் விரிவாக்க அமைப்பு வேண்டும் என்று வலியுறுத்தியது. அடுத்த ஆண்டே தேசிய விரிவாக்கப் பணி தொடங்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு நெருக்கடியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தமது இல்லத்துப் புல்வெளியையே உழுது பயிரிட்டார். செய்து கற்றலையே முறையாகக் கொண்ட முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் அமைந்தது. இன்று அத்தகைய நிலையங்கள் எழுநூற்றுக்கும் மேல்.

அண்மைக் காலத்தில் ஊட்டச்சத்துத் தோட்டங்கள் மீண்டும் முன்னிடம் பெற்றுள்ளன. 2018-ல் தொடங்கிய போஷண் இயக்கம், 2019-ல் வெளியான பள்ளி ஊட்டச்சத்துத் தோட்ட வழிகாட்டி நெறிகள், 2022 ஜனவரியில் ஊரக வளர்ச்சி அமைச்சகம் கடைப்பிடித்த வேளாண்-ஊட்டச்சத்துத் தோட்ட வாரம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. நோக்கம் சிறந்ததே. ஆனால் நாடு முழுமைக்கும் ஒரே வாரம் என்பது செடிகளுக்குப் புரியாத நிர்வாக வசதி. ஜனவரியில் தமிழ்நாட்டில் தைப்பட்டம் தொடங்குகிறது. அதே வாரத்தில் பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் உறைபனிக்கு அஞ்சி நாற்றுகளை வைக்கோலால் மூடுகிறார்கள். செப்டம்பரில் அனுசரிக்கப்படும் ஊட்டச்சத்து மாதம் வடக்கே குளிர்காலக் காய்களுக்கு மிகப் பொருத்தம். தமிழ்நாட்டுக் கடற்கரையிலோ வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நேரம். பள்ளித் தோட்டங்களுக்கு வேறொரு தொல்லை: ஆண்டில் நீர் மிகவும் தேவைப்படும் கோடையில் பள்ளிக்கு விடுமுறை.

இத்திட்டங்களின் முன்னேற்ற அறிக்கைகளில், வழங்கிய விதைப் பொட்டலங்களும் அமைத்த தோட்டங்களும் எண்ணப்படுகின்றன. முதலாண்டு விளைச்சலைக் கேட்டால் எண் சிறியதாக வரும். அது திட்டத்தின் தோல்வியாகப் படிக்கப்படும். ஆகவே கேட்காமலே விட்டு விடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. முதல் பருவத்தில் தவறிய குடும்பங்களுள் எத்தனை, அடுத்த பருவத்தில் மீண்டும் விதைத்தன? இரண்டாம் விதைப்பே தோட்டம் நிலைக்குமா என்பதைக் காட்டும் அளவுகோல். இதற்கேற்ப, விதையை ஒரே பொட்டலமாக வழங்காமல் மூன்று தவணைகளாக வழங்கலாம். இரண்டாம் தவணை வாங்க வருபவரிடம் முதல் தவணை என்னவாயிற்று என்று கேட்டுக் குறித்துக் கொள்ளலாம். ஒரு வட்டாரத்தில் இருபது குடும்பங்களின் தவறுகளை இவ்வாறு சேர்த்தால், அவ்வட்டாரத்துக்கென ஒரு விதைப்பு அட்டவணை தானே உருவாகும். மாநிலத்துக்கு ஒன்றாக அச்சிடும் அட்டவணையைவிட அது நம்பத்தக்கது.

தோட்டம் விலைவாசியைக் கட்டுப்படுத்தும் என்று மேடைகளில் கூறப்படுவதை மட்டும் சற்று எச்சரிக்கையுடன் ஏற்க வேண்டும். 2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் காய்கறிகளின் பங்கு 6.04 விழுக்காடு, சிறிய பங்கே எனினும் ஏற்ற இறக்கம் மிகுதி. 2023 ஜூலையில் பல நகரங்களில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அம்மாதத்தில் டில்லித் தோட்டங்களிலும் தக்காளி இல்லை. மே மாத வெப்பத்தில் பூ உதிர்ந்தது. பின் வந்த மழையில் செடி அழுகியது. சந்தையைத் தாக்கும் வானிலைக்கு வீட்டுப் பாத்தியும் விலக்கன்று. வீட்டுத் தோட்டம் உண்மையில் தருவது, நாள்தோறும் ஒரு கைப்பிடி கீரை. குழந்தைகளின் தட்டில் அது கூடுதலாக விழுகிறது. இந்த ஆதாயத்தை அளப்பது கடினம். ஆயினும் இயக்கத்தின் நோக்கம் அதுவே.

குடும்பத்துக்கு ஆகும் இழப்போ மிகச் சிறிது. நிலத்தையே நம்பி வாழும் விவசாயி ஒரு பருவம் தவறினால் கடனாளியாவார். சம்பளக்காரர் வீட்டில் தவறினால், அன்றைக்குக் கடைக்குச் செல்ல வேண்டும், அவ்வளவே. வேளாண்மையில் இத்துணை மலிவாகத் தவறிப் பார்க்கக் கூடிய இடம் வேறில்லை. அவ்வாறு மூன்று, நான்கு ஆண்டுகளில் சேர்ந்த அறிவு, மாற்றல் உத்தரவு வந்தவுடன் மூட்டை முடிச்சுகளோடு ஊரை விட்டுப் போய் விடுகிறது. வேறு மண்ணில் அதற்கு மதிப்பும் குறைவு. புதிதாக வருபவர் அக்டோபரில் மீண்டும் வெண்டை ஊன்றுகிறார்.

அரசுக் குடியிருப்பு கைமாறும்போது மின்விசிறி, குழாய், கதவுத் தாழ் ஆகியவற்றின் பட்டியல் ஒன்று சரிபார்க்கப்பட்டுக் கையெழுத்தாகிறது. அத்துடன் தோட்டத்துக்கென ஒரு தாளைச் சேர்ப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடு ஏதும் தேவைப்படாது. பின்புறப் பாத்தியில் ஓரடிக்குக் கீழே செங்கல் இருக்கிறது. பிற்காலக் காலிபிளவர் நாற்று அக்டோபர் இறுதியில் நட்டால் தேறுகிறது. சுவரோரம் சென்ற ஆண்டு கத்தரி இருந்தது, நூற்புழு கண்டது, அங்கே தக்காளி வேண்டாம். சுரைக்கு மாலையில் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். இப்படி நான்கு வரிகள் இருந்தால், வருபவர் ஐந்தாம் ஆண்டிலிருந்து தொடங்கலாம்.